‘தலையில் தண்ணீர் இருக்காம், நான்தான் காரணமா?’

வாசகி ஒருவர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இரண்டையும் விட்டுவிடுகிறேன். வயது 27. நர்சரிப் பள்ளியில் எல்.கே.ஜி. ஆசிரியை. இது முதல் கர்ப்பம். மூன்றாம் மாத ஸ்கேனும், குரோமோசோம் கோளாறுக்கான வாய்ப்பைக் கணிக்கும் டபுள் மார்க்கர் ரத்தப் பரிசோதனையும் நன்றாகவே இருந்திருக்கின்றன. உறுப்புகளில் குறை இருக்கிறதா என்று பார்க்க 21 வாரம் 2 நாளில் எடுத்த அனாமலி ஸ்கேனில், குழந்தையின் மூளையில் ஒரு பக்க வென்ட்ரிக்கிள் 11.2 மி.மீ. இருக்கிறது, லேசான வென்ட்ரிகுலோமெகாலி (மூளைக்குள் நீர் இருக்கும் அறையின் விரிவு), இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்க்கவும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஸ்கேன் அறையில் இருந்தவர் வாய்மொழியாகச் சொன்னது, “தலையில கொஞ்சம் தண்ணி இருக்கு, உங்க டாக்டர்கிட்ட காட்டுங்க.” அவ்வளவுதான்.

அதிலிருந்து வீட்டில் தூக்கம் இல்லை. கிரகணத்தன்று வெளியே போனதுதான் காரணம், தலையெழுத்தை யார் மாற்ற முடியும் என்கிறார் மாமியார். நாத்தனாரோ, “20 வாரம் தாண்டிடுச்சு, இன்னும் ரெண்டு நாள்ல முடிவெடுக்கலேன்னா சட்டப்படி கலைக்கவே முடியாது” என்று அவசரப்படுத்துகிறார். கணவர் எதுவும் பேசுவதில்லை. இவர் மனத்தை அரிப்பது வேறு: கர்ப்பம் என்று தெரிந்ததே எட்டாவது வாரத்தில்தான், ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் அப்போதுதான் ஆரம்பித்தது. நான்காம் மாதத்தில் ஒரு நாள் ஸ்கூட்டியில் வழுக்கி விழுந்து முழங்காலில் சிராய்ப்பு. செல்போனில் தேடியபோது தலை பெரிதாக வீங்கிய குழந்தைகளின் படங்கள் வந்து நின்றிருக்கின்றன. கடைசி வரி இது: “பிறந்தால் இந்தக் குழந்தை என்னைப் புரிந்துகொள்ளுமா டாக்டர்?”

வணக்கம் அம்மா. ஸ்கேன் தாளின் நகலையும் இணைத்திருக்கிறீர்கள். 11.2 என்ற எண்ணைச் சிவப்பு மையில் மூன்று முறை வட்டமிட்டிருக்கிறீர்கள். அதே தாளில் வட்டமிடாமல் விட்ட வரிகள் ஏழெட்டு இருக்கின்றன. சிறுமூளை இயல்பு, முதுகெலும்பு இயல்பு, இதயத்தின் நான்கு அறைகளும் இயல்பு, முகம், உதடு இயல்பு. நான் முதலில் படித்தது அந்த வரிகளைத்தான். ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன்னால், நீங்கள் பயப்படும் அந்த ‘தண்ணீர்’ என்ன என்று தெரிய வேண்டும்.

மூளை முதலில் ஒரு குழாய்

என் அறைக்கு இந்த ரிப்போர்ட்டோடு வருகிறவர்களுக்கு மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் ஒரு படம் வரைந்து காட்டுவது வழக்கம். இங்கே எழுதித்தான் காட்ட முடியும். ஒரு வெற்றிலையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கரு உருவாகி மூன்றாவது வாரம். மொத்தக் கருவே கடுகளவுதான். அதன் முதுகுப் பக்கத்தில் ஒரு பகுதி தடித்து, இலை போலப் பரவுகிறது. நடுவில் வெற்றிலை நரம்பு போல ஒரு பள்ளம் விழுகிறது. இரு ஓரங்களும் மெல்ல எழும்பி, ஒன்றை ஒன்று நோக்கி மடிந்து, நடுவில் ஒட்டிக்கொள்கின்றன. இலை குழாயாகிவிட்டது. ஒட்டுவது கழுத்து வரப்போகும் இடத்தில் தொடங்கி, ஜிப் இழுப்பது போல மேலும் கீழும் போகிறது. ஏறக்குறைய 22-ஆம் நாள் தொடங்கும் இந்த வேலை, தலைப்பக்க வாய் 25-ஆம் நாள் வாக்கிலும், கீழ்ப்பக்க வாய் 28-ஆம் நாள் வாக்கிலும் மூடிக்கொள்வதோடு முடிகிறது. அப்போது கரு ஓர் உளுந்தம்பருப்பு அளவு. இந்தக் குழாயின் கீழ்ப்பகுதி தண்டுவடம். மேல்பகுதி மூளை.

மேல்முனை சும்மா இருப்பதில்லை. மூன்று குமிழாக ஊதிக்கொள்கிறது: முன்மூளை, நடுமூளை, பின்மூளை. அடுத்த ஒரு வாரத்தில் மூன்று ஐந்தாகிறது. முன்மூளையிலிருந்து இடமும் வலமுமாக இரண்டு மொட்டுகள் கிளம்புகின்றன. நாளைக்குப் பேசவும், யோசிக்கவும், கை கால் அசைக்கவும் போகும் பெருமூளை இதுதான். நடுவே தங்கிவிடும் பகுதி தலாமஸும் ஹைப்போதலாமஸும் ஆகிறது. கண்ணின் விழித்திரையும் இந்த முன்மூளையிலிருந்து நீண்டு வந்ததுதான். பின்மூளையிலிருந்து நிதானத்தைக் காக்கும் சிறுமூளை, அதன் முன்னால் பான்ஸ், கீழே மூச்சையும் இதயத் துடிப்பையும் கவனிக்கும் முகுளம்.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். குழாய் என்றால் உள்ளே வெற்றிடம் இருக்கும், இல்லையா? சுவர் தடித்து மூளையாகிறது. உள்ளிருக்கும் வெற்றிடம் மறைவதில்லை, அதுவும் சேர்ந்தே வளர்கிறது. பெருமூளையின் இரு பாதிகளிலும் ஒவ்வொரு அறை, நடுவில் மூன்றாவது, சிறுமூளைக்கு முன்னால் நான்காவது. மூன்றாவதையும் நான்காவதையும் நூல் போன்ற ஒரு கால்வாய் இணைக்கிறது. இந்த அறைகளுக்குத்தான் வென்ட்ரிக்கிள் என்று பெயர். இவற்றில் தெளிந்த நீர் இருக்கும். உங்கள் தலையிலும் இருக்கிறது, என் தலையிலும் இருக்கிறது. வளர்ந்த ஒருவருக்கு இந்த அறைகளிலும், மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியும் சேர்த்து எந்த நேரத்திலும் மொத்தம் சுமார் 150 மி.லி. இருக்கும். ஒரு நாளில் சுமார் 500 மி.லி. புதிதாக ஊறி, பழையது ரத்தத்தில் கலந்துவிடுகிறது. ஆகவே உங்கள் குழந்தையின் தலையில் தண்ணீர் இருக்கிறது என்பது நோய் இல்லை. தண்ணீர் இல்லாமல் இருந்தால்தான் நான் பயப்படுவேன்.

இந்த அறைகளைப் பற்றி இன்னொன்றும் சொல்ல ஆசை. மூளையின் நரம்பணுக்கள் பிறப்பது இந்த அறைகளின் உட்சுவரில். நாற்றங்காலில் நெல் முளைப்பது போல அங்கே நெருக்கமாகப் பிறக்கின்றன. பிறகு மெல்லிய இழைகளைப் பற்றிக்கொண்டு வெளிப்பக்கம் நகர்ந்து, தங்களுக்கான அடுக்கில் போய் நடப்படுகின்றன. பெருமூளையின் மேற்பட்டையில் முதலில் போகிறவை ஆழத்தில் தங்கும், பின்னால் வருகிறவை அவற்றைத் தாண்டி மேலே ஏறும். வளர்ந்த மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பெருமூளைக்குப் போகும் அந்த நடவு வேலையில் பெரும்பகுதி நடப்பது 12 முதல் 20 வாரத்துக்குள். நீங்கள் வகுப்பில் பிள்ளைகளுக்கு அ, ஆ எழுதப் பழக்கிக்கொண்டிருந்த நாட்களில் உள்ளே அது நடந்துகொண்டிருந்தது.

11.2 என்ற எண் என்ன சொல்கிறது

பெருமூளை நேராக வளர்வதில்லை. மேலே போய், பின்னால் சாய்ந்து, கீழே வளைந்து, மறுபடி முன்னால் வருகிறது. உள்ளே இருக்கும் அறையும் கூடவே வளைவதால், அது கிடா ஆட்டின் கொம்பு போல இருக்கும். கொம்பு வளையும் அந்த அகன்ற இடத்தில்தான் அளவெடுக்கிறோம். திரையில் வெள்ளையாக ஒரு கொத்து தொங்கும், தண்ணீரை ஊறவைக்கும் கோராய்டு பிளெக்ஸஸ் அது. அந்தக் கொத்தின் தடித்த பகுதி இருக்கும் இடத்தில், அறையின் உட்சுவரிலிருந்து எதிர் உட்சுவர் வரை இரண்டு சிறிய கூட்டல் குறிகளை வைத்து அளக்க வேண்டும். குறியைச் சற்றுச் சாய்த்து வைத்தாலோ, சுவரின் வெளிப்பக்கம் வைத்தாலோ ஒரு மில்லிமீட்டர் கூடிவிடும். பழகிய கைகளுக்கே இது நடக்கும்.

10 மி.மீ.-க்குக் கீழே இருந்தால் இயல்பு. 10 முதல் 12 வரை லேசானது. 13 முதல் 15 வரை நடுத்தரம். 15-க்கு மேல் தீவிரம். 14-ஆவது வாரத்திலிருந்து பிரசவம் வரை இந்த 10 என்ற எல்லை மாறுவதில்லை. மூளை பல மடங்கு வளரும், அறையின் அகலம் மட்டும் கிட்டத்தட்ட அப்படியே நிற்கும். உங்கள் மூன்றாம் மாத ஸ்கேன் படம் கையில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். தலைக்குள் பட்டாம்பூச்சியின் இரு இறக்கை போல ஒன்று தெரியும். அவை அந்த இரண்டு கொத்துகள்தான். அந்த வயதில் தலையின் பெரும்பகுதியே அறைதான், சுவர் மெலிது. சுவர் தடிக்கத் தடிக்க அறை சிறியதாகத் தெரியத் தொடங்கும்.

நீங்கள் செல்போனில் பார்த்த படங்கள் நீர்த்தலை நோய் முற்றிய குழந்தைகள். பெரும்பாலும் தண்ணீர் போகும் வழி எங்காவது அடைபட்டு, குறிப்பாக அந்த நூல் போன்ற கால்வாயில் அடைபட்டு, அறைகள் மேலும் மேலும் விரிந்து, சிகிச்சையும் கிடைக்காமல் போனதால் தலை அப்படி ஆகிறது. உங்கள் 11.2-ஐ அந்தப் படங்களோடு சேர்த்துப் பார்க்கவே கூடாது. அந்த நோய்க்கும் இன்று வழி உண்டு. மூளை அறையிலிருந்து வயிற்றுக்குள் நீரை இறக்கும் ஷன்ட் குழாய் வைத்து, பள்ளிக்குப் போய்ப் படிக்கும் பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள்.

சரி, 11.2 என்பது ஒன்றுமே இல்லையா? அப்படிச் சொல்லி உங்களை அனுப்பிவிடவும் முடியாது. லேசான விரிவு பெரும்பாலும் இயல்பின் ஒரு விளிம்புதான். சில குழந்தைகளுக்கு மூக்கு கொஞ்சம் பெரிதாக இருப்பதைப் போல. ஆனால் சில நேரம் வேறு ஒரு பிரச்சினையின் முதல் அடையாளமாகவும் அது இருக்கும். வேறு பிரச்சினை இருக்கிறதா என்பதுதான் இப்போது கேள்வி. அதனால்தான் நீங்கள் வட்டமிடாத வரிகளை முதலில் படித்தேன். சிறுமூளையும் அதன் பின்னாலிருக்கும் இடைவெளியும் இயல்பு என்பதால், முதுகு திறந்திருக்கும் குறைபாட்டுக்கான வாய்ப்பு மிகவும் குறைந்துவிட்டது. அந்தக் குறைபாட்டில் சிறுமூளை கீழே இழுபட்டு, வாழைப்பழம் போல வளைந்து தெரியும். உங்கள் குழந்தைக்கு அப்படி இல்லை. இதயமும் முகமும் இயல்பாக இருப்பதும், மூன்றாம் மாதப் பரிசோதனைகள் நன்றாக இருந்ததும் குரோமோசோம் கோளாறுக்கான சந்தேகத்தைக் குறைக்கின்றன. அடியோடு நீக்கிவிடுவதில்லை.

எல்லாப் பரிசோதனையும் முடிந்து, வேறு எதுவும் இல்லை, 12 மி.மீ.-க்குள்தான் இருக்கிறது என்றால், அப்படிப்பட்ட 100 குழந்தைகளில் 90-க்கும் மேற்பட்டவர்கள் மற்றக் குழந்தைகளைப் போலவே வளர்கிறார்கள். மீதிச் சிலருக்குப் பேச்சிலோ நடையிலோ படிப்பிலோ தாமதம் வரலாம். எந்தக் குறையும் தெரியாத கர்ப்பத்திலும் சில குழந்தைகளுக்கு அப்படி வருவதுண்டு. ஆகவே நூற்றுக்கு நூறு என்று எழுதிக் கொடுக்க என்னால் முடியாது, எந்த டாக்டராலும் முடியாது.

‘நான்தான் காரணமா?’

இதை உங்கள் கடிதத்தில் ஆறு இடத்தில் கேட்டிருக்கிறீர்கள். அதனால் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

ஃபோலிக் ஆசிட் எதற்கு? முன்னே சொன்னேனே, இலை குழாயாக மடிந்து ஒட்டும் வேலை, அதற்கு. தலைப்பக்கம் ஒட்டாமல் போனால் மண்டையோடும் மூளையும் உருவாகாத நிலை. கீழ்ப்பக்கம் ஒட்டாமல் போனால் முதுகுத் திறப்பு. முன்பு இப்படி ஒரு குழந்தையைச் சுமந்த தாய்மாரிடம் ஃபோலிக் ஆசிட் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வின் முடிவு 1991-இல் வந்தது. மறுபடி வருவது நான்கில் மூன்று பங்கு வரை குறைந்தது. அதன் பிறகுதான் உலகம் முழுக்க இந்த மாத்திரை வழக்கமானது.

ஆனால் அந்தக் குழாய் மூடுவது கரு உருவான 28 நாளுக்குள். நாங்கள் கர்ப்பத்தைக் கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணுவதால், அந்தக் கணக்கில் அது ஆறாவது வாரம். மாதவிலக்கு தள்ளிப் போய் இரண்டு வாரம்தான் ஆகியிருக்கும். பல பெண்கள் அப்போது சந்தேகப்படவே தொடங்கியிருக்க மாட்டார்கள். நீங்கள் எட்டாவது வாரத்தில் மாத்திரையைத் தொடங்கியபோது உங்கள் குழந்தையின் குழாய் ஏற்கெனவே மூடியிருந்தது, நல்லபடியாகவே மூடியிருந்தது. முதுகெலும்பும் மண்டையோடும் இயல்பு என்று ஸ்கேன் சொல்வதன் பொருள் அதுதான். மாத்திரை தாமதமானதற்கும் இந்த 11.2-க்கும் முடிச்சுப் போட இடமே இல்லை. அடுத்த குழந்தைக்கு மட்டும், முயற்சி தொடங்க ஒரு மாதம் முன்பே தினமும் குறைந்தது 400 மைக்ரோகிராம் எடுத்துக்கொள்ளுங்கள். கர்ப்பம் உறுதியான பிறகு மாத்திரை எழுதித் தருகிற நம் வழக்கத்தில் இந்த ஒரு மாதம் தவறிவிடுகிறது. இதைக் கல்யாணப் பேச்சு நடக்கும்போதே சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

ஸ்கூட்டி விழுந்தது: முழங்கால் சிராய்ப்போடு போன விழுகை. உதிரப்போக்கு இல்லை, வயிற்றில் அடி இல்லை. குழந்தை பனிக்குட நீரில் மிதந்துகொண்டிருந்தது. இதனால் மூளை அறை விரியாது. கிரகணம்: சூரியனும் நிலவும் எந்தக் கோட்டில் நின்றாலும் நரம்புக் குழாய் அதன் கணக்குப்படிதான் மடிகிறது. உங்கள் மாமியார் பேரக்குழந்தை மேல் உள்ள பயத்தில் பேசுகிறார். அவரிடம் சண்டை வேண்டாம். முடிந்தால் அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அவரையும் அழைத்துப் போங்கள், திரையில் அவரும் பார்க்கட்டும்.

தலையெழுத்து என்று அவர் சொன்னது எனக்கு வேறொன்றை நினைவுபடுத்தியது. மண்டையோட்டில் நெளிநெளியாக ஓடும் கோடுகளைத்தான் நம் ஊரில் பிரம்மன் எழுதிய எழுத்து என்பார்கள். அவை எலும்புத் துண்டுகள் சேரும் தையல்கள். பிறக்கும்போது மூளை முழுதாக வளர்ந்திருக்காது, 350 முதல் 400 கிராம்தான் இருக்கும். முதல் வருடத்தில் அது இரண்டு மடங்குக்கும் மேலாகிறது, ஐந்து வயதில் பெரியவர்களின் அளவில் கிட்டத்தட்ட 90 சதவிகிதத்தை எட்டிவிடுகிறது. அந்த வளர்ச்சிக்கு இடம் விடத்தான் தையல்கள் நெகிழ்ந்தும், உச்சிக்குழி மென்மையாகவும் இருக்கின்றன. உங்கள் குழந்தையின் மூளை வேலையில் பாதிகூட இன்னும் முடியவில்லை. 20 வாரம் வரை அதன் மேற்பரப்பு கிட்டத்தட்ட வழவழப்பாகவே இருக்கும். நாம் படத்தில் பார்க்கும் மடிப்புகள் பெரும்பாலும் இனிமேல்தான் விழப் போகின்றன.

இனி செய்ய வேண்டியவை

முதலில் ஃபீட்டல் மெடிசின், அதாவது கருவிலிருக்கும் குழந்தைக்கான மருத்துவம், பயின்ற டாக்டரிடம் ஒரு விரிவான மூளை ஸ்கேன். உங்கள் ரிப்போர்ட்டில் ஒரு பக்க அறையின் அளவு மட்டும்தான் இருக்கிறது. ஸ்கேன் கருவிக்கு அருகில் இருக்கும் பாதி மண்டையோட்டு எலும்பின் நிழலால் மங்கலாகத் தெரியும் என்பதால் இது சகஜம். இரண்டு பக்கமும் வேண்டும். இரண்டு பாதி மூளைகளையும் இணைக்கும் பாலமான கார்ப்பஸ் கலோசம் முழுதாக இருக்கிறதா என்பதும் வேண்டும். அது உருவாகி முடிவதே 18 முதல் 20 வாரத்தில்தான். பாலம் இல்லாத குழந்தைக்கும் அறைகள் விரிந்து தெரியும் என்பதால் இதைப் பார்க்காமல் எதுவும் முடிவு செய்யக் கூடாது. உங்கள் தாளில் அதைப் பற்றி வரி எதுவும் இல்லை.

அடுத்தது, குழந்தையின் மூளையைப் பாதிக்கக்கூடிய இரண்டு தொற்றுக் கிருமிகளுக்கான ரத்தப் பரிசோதனை: சைட்டோமெகாலோ வைரஸ், டாக்ஸோபிளாஸ்மா. முதலாவது சின்னப் பிள்ளைகளின் எச்சிலிலும் சிறுநீரிலும் இருக்கும், பெரியவர்களுக்கு வந்து போனதே தெரியாது. நீங்கள் எல்.கே.ஜி. ஆசிரியை என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். பிள்ளைகளின் மூக்கைத் துடைத்ததும், பாத்ரூம் அழைத்துப் போய் வந்ததும் கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். அவர்கள் கடித்த பிஸ்கட்டை வாங்கிச் சாப்பிடாதீர்கள். இது முன்னெச்சரிக்கை மட்டும்தான், வேலையை விட வேண்டியதில்லை.

மூன்றாவது, பனிக்குட நீரை எடுத்துக் குரோமோசோம் பார்க்கும் பரிசோதனை. மைக்ரோஅரே என்ற விரிவான முறையும் உண்டு. வேறு குறை எதுவும் இல்லாவிட்டாலும் இதைப் பற்றி உங்களிடம் பேச வேண்டியது டாக்டரின் கடமை. செய்துகொள்வதும் வேண்டாம் என்பதும் உங்கள் விருப்பம். ஊசி போடுவதால் கர்ப்பம் கலையும் ஆபத்து உண்டு, ஆனால் அனுபவமுள்ள கையில் அது ஆயிரத்தில் ஒன்று முதல் மூன்று வரைதான். என்னிடம் வந்திருந்தால், விரிவான ஸ்கேனைப் பார்த்துவிட்டு உங்கள் இருவரையும் உட்காரவைத்துப் பேசியிருப்பேன்.

எம்.ஆர்.ஐ. உடனே வேண்டாம். அதில் கதிர்வீச்சு இல்லை, பயப்பட வேண்டியதில்லை. ஆனால் மடிப்புகள் நன்றாக விழுந்த பிறகு, 28 வாரத்துக்கு மேல் எடுத்தால்தான் அது அதிகம் சொல்லும். ஸ்கேனில் சந்தேகம் எழுந்தால் மட்டும் முன்னதாக எடுக்கலாம். அதற்கிடையில் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை அறையின் அளவைப் பார்ப்பார்கள். பெரும்பாலும் அப்படியே நிற்கும் அல்லது குறையும். சிலருக்குக் கூடும். கூடினால் பேச்சு வேறு, அதை அப்போது பேசுவோம்.

இன்னொரு சின்ன விஷயம், யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். தைராய்டு பரிசோதனை செய்திருக்கிறீர்களா? கர்ப்பத்தின் முதல் பாதியில் குழந்தையின் மூளை பெரும்பாலும் தாயின் தைராய்டு சுரப்பை நம்பியே வளர்கிறது. அதற்கு அயோடின் வேண்டும். இயற்கையானது என்று கல்லுப்புக்கு மாறிய வீடுகள் இப்போது நிறைய. உப்புப் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், அயோடின் சேர்த்தது என்று போட்டிருக்க வேண்டும். மூளை வளர்ச்சி என்று விளம்பரம் செய்யும் விலையுயர்ந்த பவுடர்களைவிட இந்த உப்பு எவ்வளவோ முக்கியம்.

சட்டமும் அந்த இரண்டு நாள் கெடுவும்

உங்கள் நாத்தனார் சொன்னது பழைய கணக்கு. 2021-இல் கருக்கலைப்புச் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும். 20 முதல் 24 வாரம் வரை, விதிகளில் சொல்லப்பட்ட சில நிலைகளில் இரண்டு டாக்டர்களின் கருத்து வேண்டும். குழந்தைக்குக் கடுமையான குறைபாடு வருவதற்கான கணிசமான ஆபத்து அந்த நிலைகளில் ஒன்று. கணிசமான குறைபாடு இருக்கிறது என்று அரசு அமைத்த மருத்துவக் குழு கண்டறிந்தால், 24 வாரத்துக்குப் பிறகும் வார வரம்பு கிடையாது. மகப்பேறு, குழந்தை நலம், ஸ்கேன் துறை டாக்டர்கள் அந்தக் குழுவில் இருப்பார்கள், விண்ணப்பித்த மூன்று நாளுக்குள் கருத்துச் சொல்ல வேண்டும்.

அதாவது, இன்னும் இரண்டு நாளில் கதவு அடைபட்டுவிடும் என்பது சரியில்லை. விரிவான ஸ்கேனுக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் நேரம் இருக்கிறது. ஒருவேளை பிறகு பெரிய குறை ஏதாவது தெரியவந்தாலும் வழி திறந்தே இருக்கும். இன்றைக்கு உங்கள் கையிலிருக்கும் தாளை மட்டும் வைத்து, கணிசமான குறைபாடு என்று எந்தக் குழுவும் சொல்லாது என்பதே என் கருத்து. தண்ணீர் என்ற ஒரு சொல்லைக் கேட்டுக் கலைத்துவிட்டு, பிறகு எல்லாம் இயல்பாகவே இருந்திருக்கும் என்று தெரிந்து உட்கார்ந்து அழுவதை நான் யாருக்கும் விரும்ப மாட்டேன். வெறும் பயத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள் என்றுதான் கேட்டுக்கொள்கிறேன்.

இதையும் தெரிந்துகொள்ளுங்கள். 18 வயது நிறைந்த பெண்ணுக்கு, கலைப்பதற்குச் சட்டம் கேட்பது அவருடைய எழுத்துப்பூர்வமான சம்மதம் மட்டும்தான். கணவரோ மாமியாரோ நாத்தனாரோ உங்களுக்காகக் கையெழுத்துப் போட முடியாது. இதைச் சொல்வது குடும்பத்தோடு மோதச் சொல்வதற்காக இல்லை. மூச்சு விட உங்களுக்குக் கொஞ்சம் இடம் வேண்டும் என்பதற்காக. பேசாமல் இருக்கும் உங்கள் கணவருக்கும் பயம்தான் என்று நினைக்கிறேன். இந்தப் பதிலை அவரிடம் படிக்கக் கொடுங்கள்.

உங்கள் கடைசி வரிக்கு

“இந்தக் குழந்தை என்னைப் புரிந்துகொள்ளுமா?” எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். இன்னும் நான்கைந்து வாரத்தில் உங்கள் குழந்தை சத்தத்துக்கு அசையத் தொடங்கும். உள்காது ஓரளவு தயாராகி, காதிலிருந்து மூளைக்குப் போகும் பாதை இணையும் காலம் அது. வெளியிலிருந்து வரும் குரல்கள் மங்கலாகத்தான் கேட்கும். உங்கள் குரல் மட்டும் உடம்பின் எலும்பு, சதை வழியாகவும் உள்ளே போகும். பிறந்து சில நாளே ஆன குழந்தைகள் மற்றப் பெண்களின் குரலைவிடத் தாயின் குரலை நாடுவதை 1980-லேயே சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். வகுப்பில் நீங்கள் பாடும் பாட்டும் அதில் சேர்த்தி.

விரிவான ஸ்கேனுக்கு இந்த வாரமே நாள் வாங்கிவிடுங்கள். போகும்போது மூன்றாம் மாத ஸ்கேன், டபுள் மார்க்கர் ரிப்போர்ட், இந்தத் தாள் மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்க அறைகளின் அளவு, கார்ப்பஸ் கலோசம், சிறுமூளை, மடிப்புகள் வாரத்துக்கு ஏற்றபடி விழுகின்றனவா, இந்த நான்கையும் ரிப்போர்ட்டில் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, தயங்க வேண்டாம். வந்ததும் நகலை எனக்கு அனுப்பி வையுங்கள், பார்த்துவிட்டு எழுதுகிறேன்.